வண்டிக்கடை மதியச் சாப்பாடு: கூட்டத்தை நம்பலாமா?

மதியப்பசி | ஜூன் 3, முற்பகல் 11:10

நகரின் நடுப்பகுதியில் அலுவலகம், வாசலில் இறங்கினால் வரிசையாகத் தள்ளுவண்டிகள். வாரத்துக்கு ஒரு புது வண்டி என்று முயன்று பார்க்க எண்ணம். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "கூட்டம் இருக்கிற வண்டியில சாப்பிடு, வயிறு கெடாது." அவ்வளவுதானா விஷயம்? வேறு எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

இரும்புக்கல் | ஜூன் 3, முற்பகல் 11:48

கூட்டம் பாதி உண்மைதான். கூட்டம் இருந்தால் பாத்திரம் சீக்கிரம் காலியாகும், அடுத்த ஈடு சூடாக இறங்கும் என்பது அதன் அடிப்படை. ஆனால் காலை ஒன்பது மணிக்கு ஆக்கி வைத்த ஒரே அண்டாவைப் பிற்பகல் மூன்று வரை அள்ளிப் போடும் வண்டியிலும் கூட்டம் இருக்கும். கை மெதுவான கடைக்காரரிடமும் கூட்டம் இருக்கும், அது வெறும் தேக்கம்.

ஐந்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். அடுப்பில் இப்போது எதுவாவது வேகிறதா? சோற்றுப் பாத்திரம் காலியானதும் வேறு பாத்திரம் வருகிறதா, இல்லை மிச்சத்தின் மேலேயே புதியதைக் கொட்டுகிறார்களா? மேலே கொட்டினால் அடியில் இருப்பது காலையிலிருந்து அங்கேயே இருக்கிறது. குழம்புப் பாத்திரத்தில் மேலே ஏடு படிந்து சுருக்கம் விழுந்திருந்தால் கிளறி வெகுநேரமாயிற்று, தீயும் குறைவு என்று பொருள். அடி கொதிக்கும், மேல் பகுதி வெதுவெதுப்பாக இருக்கும். கரண்டி அள்ளுவதோ மேலிருந்து.

வாங்கும்போது "நல்லா இருக்குமா?" என்று கேட்காதீர்கள், எல்லாம் நல்லாத்தான் இருக்கும். "இப்ப இறக்கினது எது?" என்று கேளுங்கள்.

இரும்புக்கல் | ஜூன் 3, பிற்பகல் 2:30

எண்களையும் வைத்துவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான உணவுக்கான ஐந்து விதிகளின்படி 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை ஆபத்தான வெப்பநிலை. சூடாக வைப்பதை 60-க்கு மேல் வைக்க வேண்டும், குளிராக வைப்பதை 5-க்குக் கீழ். சூட்டுக்கு அமெரிக்காவின் மாதிரி உணவு விதிகள் 57 என்கின்றன, பிரிட்டன் 63 என்கிறது. வண்டி முன் நிற்பவருக்கு இந்த வித்தியாசம் முக்கியமில்லை.

சாப்பாடு இந்த இடைப்பட்ட சூட்டில் வெளியில் இருக்க இரண்டு மணி நேரம் என்பது பொதுவான வரம்பு. காற்றே 32 டிகிரிக்கு மேல் கொதிக்கும் நாளில் அது ஒரு மணி நேரமாகச் சுருங்குகிறது.

காரசாரம் | ஜூன் 3, மாலை 6:05

தெர்மாமீட்டரோடு சாப்பிடப் போனால் கடைக்காரர் சுகாதார அதிகாரி வந்துவிட்டார் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவிடுவார். ஆவி பறந்தால் போதும், அதுதான் என் கணக்கு.

இரும்புக்கல் | ஜூன் 3, இரவு 9:15

ஆவியை நம்ப வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் ஆவி, சாப்பாட்டின் சூட்டை மட்டும் சொல்வதில்லை, காற்றின் நிலையையும் சேர்த்துச் சொல்கிறது. குளிர்ந்த, ஈரமான நாளில் 45 டிகிரிச் சாப்பாடும் புகைமூட்டம் போல ஆவி விடும். கொளுத்தும் வெயிலில் 70 டிகிரிக் குழம்பில் ஒன்றுமே தெரியாது.

நாக்குதான் நல்ல கருவி. முதல் வாயை ஊதித்தான் சாப்பிட முடிகிறது என்றால் 60-ஐ ஒட்டியோ மேலோ இருக்கிறது. நேரே வாயில் போட்டு மெல்ல முடிந்தால் அது வெதுவெதுப்பு. வாங்கி ஒரு நிமிடத்துக்குள் இதைச் சோதிக்க வேண்டும். அலுவலகத்துக்குப் போய்ப் பிரித்தால் கணக்கு மாறிவிடும்.

இரும்புக்கல் | ஜூன் 4, காலை 10:20

தனிச்செய்தியில் ஒருவர்: "ஃபிரைட் ரைஸ் கண்ணு முன்னாடி தகதகவென்று எரியும் தீயில் வறுத்துத் தர்றாங்க. அதுல என்ன பயம்?"

வறுப்பதில் பயமில்லை. வறுப்பதற்கு முன் அந்தச் சோறு எங்கே இருந்தது என்பதில்தான்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். சோறு வேகும் சூட்டில் அவை சாவதில்லை. சோறு மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகி நஞ்சை விடுகின்றன. வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. வாணலியில் இரண்டு நிமிடம் புரட்டுவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் இந்த வாந்தி நோயைக் கண்டுபிடித்ததே ஃபிரைட் ரைஸ் சாப்பிட்டவர்களிடம்தான்.

ஆறிய சோற்றைச் சமையல்காரர் எடுப்பதற்குக் காரணம் உண்டு. சூடான சோறு வாணலியில் ஒட்டும், குழையும். ஆறிய சோற்றில் பருக்கை பிரியும். அதனால் பழைய சோறு என்பதே குற்றமில்லை, ஆற வைத்த முறைதான் கேள்வி. அகலத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, காற்றுப்பட ஆறவிட்டு, உடனே குளிர்பெட்டிக்குள் வைத்தால் சரி. பெரிய பாத்திரத்தில் குவித்து மேலே ஈரத்துணி போட்டு வைத்தால், குவியலின் நடுப்பகுதி மணிக்கணக்கில் முப்பது நாற்பது டிகிரியிலேயே நிற்கும். கிருமிக்கு அதுதான் வசதி.

ஆகவே தீயைப் பார்க்காதீர்கள், தீக்குப் பக்கத்தில் இருக்கும் சோற்றைப் பாருங்கள். தட்டிலா, குவியலா? பதினோரு மணிக்கு வடித்த சோறு பன்னிரண்டரைக்கு வாணலிக்குப் போனால் கவலை இல்லை. நேற்றைய குவியல் என்றால் மூக்குக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

காரசாரம் | ஜூன் 4, முற்பகல் 11:02

இனி ஃபிரைட் ரைஸ் சாப்பிட்ட மாதிரிதான்.

இரும்புக்கல் | ஜூன் 4, முற்பகல் 11:30

சாப்பிடுங்கள். நூடுல்ஸுக்கும் பாஸ்தாவுக்கும் இதே விதிதான், சோறு மட்டும் பாவம் செய்யவில்லை.

இறைச்சிக் குழம்பில் கதை வேறு. அங்கே ஆள் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமி. பெரிய அண்டாவில் ஆக்கி மெதுவாக ஆறும் கெட்டிக் குழம்பு அதன் சொந்த ஊர். 43 முதல் 47 டிகிரி வரை கிடைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். ஒன்று, ஒரு மணி நேரத்தில் 64. மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல். ஆனால் இது நம் குடலுக்குள் போனபிறகுதான் நஞ்சை விடுகிறது. அதனால் நன்றாகக் கொதிக்கவிட்டால் ஆபத்து நீங்கும். மொத்தக் குழம்பும் 74 டிகிரி தொட வேண்டும், ஓரத்தில் இரண்டு குமிழ் வந்தால் போதாது. சோற்றில் மறுசூடு உதவாது, குழம்பில் உதவும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மதியப்பசி | ஜூன் 6, காலை 9:40

வயிறு கெட்டால் எந்த வண்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்ட இடத்தைத்தான் திட்டுகிறார்கள்.

இரும்புக்கல் | ஜூன் 6, காலை 10:25

நேரத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால், ஏற்கெனவே நஞ்சு ஊறிய சாப்பாடு: சோற்றுக் கிருமி, அல்லது கையிலிருந்து வரும் ஸ்டஃபைலோகாக்கஸ். ஆறு முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் வயிற்றுவலியும் பேதியும் வந்தால், வாந்தி அதிகம் இல்லையென்றால், முந்தைய வேளைக் குழம்பு வரை பின்னோக்கிப் போங்கள். நோரோ வைரஸ் 12 முதல் 48 மணி நேரம் எடுக்கும். சால்மொனெல்லா ஆறு மணி நேரத்தில் தொடங்கி ஆறு நாள் வரைகூடத் தாமதிக்கும்.

அதாவது இன்று மாலை பேதி என்றால், இன்று மதியம் சாப்பிட்ட வண்டி நிரபராதியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இது ஊகம்தான், தீர்ப்பு இல்லை. காய்ச்சல், ரத்தம், நிற்காத வாந்தி என்றால் இழையைப் படித்துக்கொண்டு உட்காராமல் மருத்துவரிடம் போங்கள்.

மூணாம்பர்னர் | ஜூன் 6, இரவு 8:50

கிருமியைப் பற்றியே பேசுகிறீர்கள். வண்டியில் மதியம் கெட்டுப்போவதில் பாதி, காஸ் செய்கிற வேலை.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகி வெளியே வரச் சூடு வேண்டும், அந்தச் சூட்டைச் சிலிண்டரின் சுவரிலிருந்து எடுக்கிறது. சிறிய சிலிண்டரில் இரண்டு பெரிய பர்னரை முழுத்தீயில் ஓட்டினால் வெளியிலிருந்து சூடு வந்துசேரும் வேகம் பத்தாது. சிலிண்டர் சில்லிட்டுப் போகும், அடிப்பகுதியில் வியர்க்கும், சிலசமயம் உறைபனியே படியும். உள்ளே அழுத்தம் விழும், தீ சுருங்கும். திரவம் குறையக் குறைய அது தொடும் சுவர்ப்பரப்பும் குறைவதால் சிக்கல் கூடும். அதனால்தான் பன்னிரண்டு மணிக்குச் சீறிய அடுப்பு ஒன்றரைக்குச் சோம்பல் முறிக்கிறது. கடைக்காரரின் கைப்பக்குவம் மாறவில்லை.

பார்க்க வேண்டியது: சிலிண்டரின் வியர்வைக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது. அடியோடு அடியாக இருந்தால் அன்றைக்குப் பொரித்ததும் வறுத்ததும் வேண்டாம். கல்லில் போட்டு எடுப்பது பரவாயில்லை, தடித்த இரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். சிலிண்டரைப் படுக்க வைத்து எரித்தால் அந்த வண்டியில் எதுவுமே வேண்டாம், பக்கத்தில்கூட நிற்க வேண்டாம். திரவமே குழாய்க்குள் வந்து தீ பிழம்பாக எழும்பும்.

இரும்புக்கல் | ஜூன் 7, காலை 9:05

இதைத்தான் எண்ணெய்க்குக் கொண்டுபோக நினைத்தேன், பாலம் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பொரிக்க 170 முதல் 180 டிகிரி வேண்டும். எண்ணெயின் எடையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஒரு ஈட்டில் போடக் கூடாது. கூட்டநேரத்தில் வாணலி நிறைய அள்ளிப் போடுவார்கள், தீயும் சுருங்கியிருக்கும். சூடு விழும், மேல்பக்கம் சட்டென இறுகாது, எண்ணெய் உள்ளே ஊறும். தாளில் எடுத்து வைத்தால் தாள் முழுக்கக் கண்ணாடி ஆகிவிடும்.

எண்ணெய் பழையதா என்பதற்கு நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். மாவும் மசாலாவும் சர்க்கரையும் ஒரே நாளில் எண்ணெயைக் கறுக்கடிக்கும். நுரையைப் பாருங்கள். நல்ல எண்ணெயில் ஈரம் வெளியேறும்போது பெரிய குமிழிகள் சடசடவென்று வந்து உடனே உடையும். அடித்து ஓய்ந்த எண்ணெயில் சோப்பு நுரை போலச் சின்னக் குமிழிகள் மேலே போர்த்திக்கொண்டு, பண்டத்தை எடுத்த பிறகும் அடங்காமல் நிற்கும். பொரிக்கும் சூட்டிலேயே புகையும். ஜல்லிக்கரண்டியைத் தூக்கினால் சொட்டாமல் இழையும். ஆய்வகத்தில், எண்ணெய் கெடக் கெட அதில் கூடும் முனைவுச் சேர்மங்களை அளக்கிறார்கள், இந்தியா உட்படப் பல நாடுகளில் 25 சதவீதம் உச்ச வரம்பு. அந்த எண் வண்டியில் தெரியாது, நுரை தெரியும்.

காரசாரம் | ஜூன் 7, காலை 9:31

கிருமி, காஸ், நுரை எல்லாம் சரி. பன்னிரண்டரைக்குப் போய் ஒன்றேகாலுக்குத் திரும்ப வேண்டும். நாற்பத்தைந்து நிமிடத்தில் ஆராய்ச்சி செய்யவா, சாப்பிடவா?

இரும்புக்கல் | ஜூன் 7, பிற்பகல் 1:50

தலைகளை எண்ணாதீர்கள், பார்சல்களை எண்ணுங்கள். வரிசையில் நான்கே பேர் என்று நிற்பீர்கள், முன்னால் இருப்பவர் சட்டைப்பையிலிருந்து மடித்த சீட்டை எடுப்பார். அதில் ஒன்பது பேரின் சாப்பாடு இருக்கும், அதில் இருவருக்கு வெங்காயம் கூடாது.

இரண்டு பொட்டலம் கைமாறும் இடைவெளியைக் கடிகாரத்தில் பாருங்கள். பாத்திரத்திலிருந்து அள்ளிப் போடும் வண்டியில் அது அரை நிமிடம். வாணலியில் தனித்தனியாக வறுக்கும் வண்டியில் மூன்று நான்கு நிமிடம். முன்னால் எட்டு பொட்டலம், இடைவெளி இரண்டு நிமிடம் என்றால் உங்களுக்குப் பதினாறு நிமிடம். இரண்டு ஒரே மாதிரி ஆர்டரைச் சேர்த்து வறுத்தால் குறையும். ஆகவே முன்னால் இருப்பவர் கேட்டதையே கேட்பது அவசரத்துக்கு நல்ல தந்திரம்.

பட்டியல் நீளத்தையும் பர்னர் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். இரண்டு பர்னர், ஒரு கல், பலகையில் நாற்பது பெயர். அப்படியென்றால் மூன்று அடிப்படைக் குழம்பைத்தான் நாற்பது விதமாகப் புரட்டுகிறார்கள். அது ஏமாற்று அல்ல. ஆனால் முப்பத்தொன்பதாவது பெயரைக் கேட்டால், அதற்கான பொருள் டப்பாவின் அடியிலிருந்து வரும்.

மூணாம்பர்னர் | ஜூன் 7, பிற்பகல் 2:15

கை. அதைச் சொல்லவே இல்லை.

இரும்புக்கல் | ஜூன் 7, பிற்பகல் 2:40

கையுறை போட்டிருக்கிறாரா என்பது கேள்வியே இல்லை. அதே கையுறையோடு காசு வாங்கி, சிலிண்டரைத் திருகி, வெள்ளரியை அள்ளினால் அது அழுக்குக் கைக்கு இன்னொரு தோல். காசுக்கு ஒரு ஆள், சாப்பாட்டுக்கு ஒரு ஆள் இருந்தால் நல்லது. ஒரே ஆள் என்றால் கரண்டியாலும் இடுக்கியாலும் மட்டுமே தொடுகிறாரா என்று பார்க்கலாம். குழாய் வைத்த தண்ணீர் டப்பா இருந்தால் கை கழுவ வழி இருக்கிறது. ஒரே வாளியில் தட்டையும் கையையும் துணியையும் முக்கினால் தட்டில் சாப்பிடாதீர்கள், பார்சல் வாங்குங்கள்.

கல்லில் பச்சை இறைச்சியைப் புரட்டிய சட்டுவத்தாலேயே வெந்ததை எடுத்துப் போடுகிறாரா என்பது இதைவிட முக்கியம். இரண்டு சட்டுவம் இருக்க வேண்டும், அல்லது நடுவில் கல்லின் சூட்டில் நன்றாகச் சுட்டெடுக்க வேண்டும்.

மதியப்பசி | ஜூன் 9, முற்பகல் 11:15

சாலட், சாஸ், ஐஸ்? எல்லா வண்டியிலும் ஓரத்தில் இதுதான் வரிசையாக இருக்கிறது.

இரும்புக்கல் | ஜூன் 9, நண்பகல் 12:05

ஓரத்தில் இருப்பதுதான் பலசமயம் ஆளைக் கவிழ்ப்பது. அதில் தீ படுவதே இல்லை.

சாஸ் பாட்டிலைக் காலிசெய்து கழுவாமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டே போனால் அடியில் இருப்பதன் வயது யாருக்கும் தெரியாது. மூக்கில் காய்ந்த சாஸ் வளையம் இருந்தால் அந்தப் பாட்டில் வேண்டாம். வினிகரும் புளிப்பும் கூடிய சாஸ் ஓரளவு தாங்கும். பச்சை முட்டை மயோனைஸ் வெயிலில் நின்றால் கைவைக்காதீர்கள், மூடிய சின்னப் பொட்டலமாக இருந்தால் சரி.

நறுக்கிய தர்ப்பூசணி, முலாம்பழம் போன்றவற்றில் புளிப்பு குறைவு, குளிரில் வைக்காவிட்டால் கிருமி வளரும். அன்னாசி அந்த அளவுக்கு மோசமில்லை. நறுக்கி வைத்ததை விட, கேட்டபிறகு நறுக்குவது மேல். ஐஸ் கிருமியைக் கொல்லாது, உறையவைத்துக் காப்பாற்றும். நடுவில் ஓட்டையுள்ள உருளை ஐஸ் இயந்திரத்தில் செய்தது. தரையில் போட்டுச் சுத்தியலால் உடைக்கும் பாளத்தைவிட நம்பலாம், அதை அள்ளும் கை சுத்தமாக இருக்கும்வரை.

மூணாம்பர்னர் | ஜூன் 9, மாலை 5:20

பார்சலுக்கு ஒரு வரி: பொரித்ததை மூடாதீர்கள். மூடிய டப்பாவில் ஆவி மேலே முட்டி நீராகி மறுபடி அதன் மேலேயே சொட்டும், பத்து நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும். மூடியின் ஒரு மூலையைத் திறந்து வையுங்கள், சாஸைத் தனியாக வாங்குங்கள்.

இரும்புக்கல் | ஜூன் 10, காலை 10:40

சேர்த்துக்கொள்ள வேண்டியது: செய்தித்தாளில் நேரடியாகச் சுற்றித் தந்தால் மறுத்துவிடுங்கள். எண்ணெயும் சூடும் அச்சுமையை இழுக்கும். வெள்ளை நுரைப் பெட்டி 100 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கும், எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்ததை நேராக அதில் போட்டால் அடி சுருங்கிக் குழிவிழும். கொதிக்கும் குழம்புக்கு மெல்லிய பிளாஸ்டிக் பையும் வேண்டாம்.

கையில் ஒரு எவர்சில்வர் வெப்பக்காப்பு டப்பா இருந்தால் எல்லாம் தீரும். கிளம்புமுன் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிட வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த சுவரே முதல் பத்து டிகிரியைத் தின்றுவிடும். பாதி நிரப்பினால் வேகமாக ஆறும், நிறைய வாங்குங்கள் அல்லது சின்ன டப்பா எடுங்கள். கடைக்காரரிடம் டப்பாவை நீட்டும்போது கரண்டி விளிம்பைத் தொடாமல் போடச் சொல்லலாம், பலர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மதியப்பசி | ஜூன் 12, காலை 9:20

சரி, வாரத்துக்கு ஒரு வண்டி. ஒப்பிடுவது எப்படி? ஒரு வண்டியில் முட்டை, இன்னொன்றில் கோழி என்று போனால் எதுவும் புரியாது.

இரும்புக்கல் | ஜூன் 12, முற்பகல் 11:10

எல்லா வண்டியிலும் கிடைக்கும் ஒரே பண்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முட்டை போட்டு வறுத்த சோறு நல்ல அளவுகோல்: ஒளிக்க இடமில்லை. முட்டை தனித்துணுக்குகளாக இருக்க வேண்டும். ஈரப்பசையாகச் சோற்றில் பூசியிருந்தால் வாணலி சூடேறவில்லை. லேசான கருகல் வாசம் வேண்டும், கசப்பு கூடாது. கசந்தால் முந்தைய ஈட்டின் கசடைச் சுரண்டாமல் மேலேயே வறுத்திருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்தபின் டப்பாவின் அடியைச் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய் ஓடிவந்து மூலையில் தேங்கினால் குறைந்தது ஒரு மேசைக்கரண்டி, 120 கலோரி, அப்படியே நிற்கிறது. மூன்று மணிக்குக் கண் சொருகுவதற்குப் பலர் ஏசியைக் குறை சொல்கிறார்கள்.

ஒரே வண்டிக்கு இரண்டு நேரத்தில் போக வேண்டும்: ஒருமுறை திறந்த அரை மணிக்குள், இன்னொருமுறை கூட்டத்தின் உச்சத்தில். முதல்நேரத்தில் மட்டும் நன்றாக இருந்தால் சரக்கு நல்லது, அடுப்பு பத்தவில்லை. உச்சத்தில் மட்டும் நன்றாக இருந்தால், காலையில் மிச்சத்தை ஓட்டுகிறார்கள் என்று நான் சந்தேகப்படுவேன்.

காரசாரம் | ஜூன் 12, முற்பகல் 11:25

இரண்டு நேரத்திலும் நன்றாக இருந்தால்?

இரும்புக்கல் | ஜூன் 12, முற்பகல் 11:32

பன்னிரண்டேகாலுக்கு முன்னால் போய்விடுங்கள். பன்னிரண்டரைக்கு அந்தச் சீட்டுக்காரர் வந்துவிடுவார்.